மூன்றாவது விசில்

பாஸ்டரம்மா பாண்டிச்செல்வி இரண்டு மாதமாக உபவாசத்தில் இருக்கிறார் என்று சபையில் அறிவித்திருந்தார் பாஸ்டர் ஜெயபாண்டி. அந்தச் சனிக்கிழமை காலை பாஸ்டரம்மா செல்லூர் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து நாலாவது தோசைக்குத் தக்காளிச் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

சபையில் பட்டினி, வீட்டில் தோசை. இப்படி ஓர் உபவாசத்தை ஜெயபாண்டியால்தான் அறிவிக்க முடியும்.

அவள் சபைக்குப் போவதை நிறுத்திய கதை போன வாரம் என்னிடம் கதை கேட்க வந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்காகக் கொஞ்சம். பன்னிரண்டு வருடத்துக்கு முன் பவர்லூம் பெல்ட்டில் மாட்டி அவள் வலது கை விளங்காமல் போனது. தன் தலையில் புருஷன் கை வைத்து ஜெபித்த நிமிடமே அந்தக் கை எழும்பியது என்று அவள் ஞாயிறுதோறும் சாட்சி சொல்லி வந்தாள். ‘ஜீவ அக்கினி ஜெபவீடு’ என்கிற சபையே அந்தக் கையின்மேல்தான் கட்டப்பட்டது. போன வருடத்திலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. ஜெயபாண்டி அவள் கையைத் தானே பிடித்து உயர்த்தி, அவளுக்கும் சேர்த்துத் தானே பேசினார். இரண்டு மாதத்துக்கு முன் அவள் கையை உதறிவிட்டு மேடையிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஏன் என்று அவருக்குத் தெரியும்.

எழுமலைப் பக்கம் அடுத்தவர் காட்டில் கடலை பிடுங்கிப் பிழைத்த குடும்பத்துப் பிள்ளை அவர். அப்படி ஒரு பிள்ளை மேடை ஏறினால் எனக்கும் சந்தோஷம்தான். எதைச் சொல்லி ஏறினார் என்பதில்தான் எரிச்சல். ரேஷன் கார்டில் ஜெயபாண்டி. காளவாசல் முழுக்க ஒட்டியிருக்கும் போஸ்டரில் ‘தீர்க்கதரிசி எலியா ஜெயபாண்டி’. வெள்ளைக் கோட்டு, முதுகுக்குப் பின்னால் தீ. மேலே ‘எழுப்புதல் அக்கினி, இரண்டாம் அலை’. அக்கினிக்கு அலை எப்படி வரும் என்று எழுதிக் கொடுத்தவருக்கும் தோன்றவில்லை, அடித்துக் கொடுத்தவருக்கும் தோன்றவில்லை.

“ஸ்தோத்திரம்க்கா” என்று வாசலில் குரல் கேட்டது.

பக்கத்துச் சந்து முத்துத்தாய். தறிக்கூடத்தில் வேலை பார்ப்பவள், சபை தொடங்கிய நாளிலிருந்து வருகிறவள். அவள் புருஷன் சுடலைக்கும் அங்கேதான் வேலை, சபையில் ‘பிடிக்கிற’ ஊழியம். பாஸ்டர் நெற்றியில் கை வைத்ததும் பின்னால் சாய்கிறவர்களை, மண்டை தரையில் அடிபடாமல் தாங்கிப் படுக்கவைக்க வேண்டும்.

முத்துத்தாய் தட்டைப் பார்த்தாள்.

“உபவாசம் முடிஞ்சிருச்சாக்கா?”

“ஆரம்பிக்கவே இல்ல. ஒக்காரு, ஒனக்கும் ரெண்டு ஊத்துறேன்.”

“வேணாம்க்கா. ஒன்னு கேக்கணும்னு வந்தேன். நீங்க சம்மதிச்சுத்தான் அதைப் போடுறாகளா?”

“எதை?”

“ஒங்க ஜெபத்தை. போன வருசம் இந்த அடுப்படில நம்ம ஒக்காந்து ஜெபிச்சமே, அதை. ரெண்டு மாசமா சபையில லைட்டை அமத்திட்டு ஸ்பீக்கர்ல அதைத்தான் போடுறாக.”

பாண்டிச்செல்வி கல்லை இறக்கி வைத்து அடுப்பை அணைத்தாள்.

“நடுநடுவுல ஒங்க குக்கர் விசிலு கேக்குதுல்ல” என்றாள் முத்துத்தாய். “அதை ஏதோ பண்ணி நீட்டி விட்டிருக்காக. பரலோகத்து எக்காளச் சத்தம்னு சொல்றாக. மொத விசிலுக்கு எல்லாரும் கையைத் தூக்குறாக. ரெண்டாவதுக்கு அழுவுறாக. மூனாவதுக்கு வல்லமை எறங்குதுன்னு பாதிப் பேரு விழுந்துர்றாக. எங்க வீட்டு ஆளு ஓடி ஓடிப் புடிச்சு இடுப்பே போச்சுங்கிறாரு.”

“அது குக்கருன்னு நீ சொல்லலையா?”

“பக்கத்துல ஒக்காந்து பருப்பு வாசம் புடிச்சவ நான். எனக்குத் தெரியாதா? எம்புட்டுப் பேரு தேம்பித் தேம்பி அழுவுறாக. நடுவுல எந்திரிச்சு, இது தொவரம்பருப்புன்னு எப்பிடிக்கா சொல்றது?”

அந்த அழுகையை நான் கேலி செய்யவில்லை. அழுகிறவர்களுக்கு அழக் காரணம் இருக்கிறது. அவர்களுக்குக் குக்கரைக் காட்டி எக்காளம் என்று சொன்ன மனிதரைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

போன வருடம் அந்த அடுப்படியில் நடந்தது இதுதான். மத்தியானம் பெண்கள் ஐந்தாறு பேர் ஜெபத்துக்கு உட்கார்ந்தார்கள். மகள் தமிழ்வாணி தன் போனை ஜன்னலில் வைத்துப் பதிவை ஓடவிட்டு வெளியே போனாள். எழுமலை அத்தைக்கு அனுப்பலாம் என்று நினைத்து, பிறகு மறந்துபோனாள். மூன்றாவது விசில் வந்ததும் பாண்டிச்செல்வி எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தவள் வழக்கமான ஜெபத்தை விட்டுவிட்டு உண்மையைச் சொன்னாள். கை ஒரே நிமிடத்தில் எழும்பவில்லை, ஆஸ்பத்திரிப் பயிற்சியில் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, சபை திறந்த நாளில் அப்போதுதான் எழும்பியதுபோலத் தூக்கிக் காட்டினேன் என்றாள். தூக்கிக் காட்டச் சொன்னது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. பாஸ்டரம்மாவின் மானம் என்று கேட்டவர்களும் அதை வெளியே விடவில்லை.

அதன் பிறகு நடந்ததை ஜெயபாண்டியால் ஏற்பாடு செய்திருக்க முடியாது. அன்று சாயங்காலம் முத்துத்தாய் தன் வீட்டுக்குப் போய்ப் புருஷன் முன்னால் அழுதாள். மறுநாள் காலை சுடலை, தறிக்கூடத்தில் பல வருடமாக இடுப்பில் செருகிக் கொண்டுவந்த நூல் கோன்களை உரச்சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு போய் முதலாளி முன்னால் வைத்தான். முதலாளிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, மற்றவர்களைச் சந்தேகமாகப் பார்த்தார். ஒரு வாரத்தில் இன்னும் நாலு சாக்கு வந்தது. பேசாதிருந்த அண்ணன் தம்பிகள் பேசினார்கள். ஒரு மருமகள் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டாள், மாமியார் மயங்கி விழுந்தாள். அந்தச் சபையில் நிஜமாகவே விழுந்த ஒரே ஆள் அந்த மாமியார்தான்.

அதைத்தான் எழுப்புதல் என்றார்கள். ஜெயபாண்டி அதற்கு ஒரு பேர் வைத்தார், பேனர் கட்டினார். வந்த அக்கினியைத் தக்கவைக்க வேண்டும் என்றார். தக்கவைப்பதற்கு அவருக்குத் தெரிந்த வழி ஜெனரேட்டரும் புகை மிஷினும். உண்மையைச் சபையில் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று மனைவி கேட்டதற்கு, நேரம் வரட்டும் என்றார். ஒரு வருடமாக அவர் கடிகாரத்தில் அந்த நேரம் வரவில்லை. புதிதாக வெளியூர்க்காரர்கள் வந்தார்கள், வேன் வேனாக வந்தார்கள். நூல் சாக்கு தூக்கியவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள்.

“இன்னொன்னும் இருக்குக்கா” என்றாள் முத்துத்தாய். “எழுமலையிலருந்து ஒங்க நாத்தனாரு மகளைக் கூட்டிட்டு இன்னிக்குக் கூட்டத்துக்கு வாராகளாம்.”

ராமக்காள் ஜெயபாண்டியின் அக்கா. ஊர்க் கோயிலுக்குப் போகிறவள், தம்பியின் சபைப் பக்கம் இதுவரை எட்டிப் பார்க்காதவள். மகள் பவதாரிணி நர்சிங் படிக்கிறாள். நாலு மாதத்துக்கு முன் பைக்கிலிருந்து விழுந்து கை முறிந்து, கட்டுப் பிரித்த பிறகு விரல் மடங்கவில்லை.

“பயிற்சிக்குத் தெனமும் போகுதுல்ல அந்தப் புள்ள?”

“நிப்பாட்டி ஒன்ற மாசமாச்சாம். விசுவாசம்னா முழுசா இருக்கணும், ஆஸ்பத்திரியையும் நம்பிக்கிட்டு கர்த்தரையும் நம்பக் கூடாதுன்னு அது மாமா, நம்ம பாஸ்டரு சொல்லிட்டாராம். ஒங்க கையைத்தான் எடுத்துக்காட்டா சொல்லியிருக்காரு. இன்னிக்கு மூனாவது விசிலுக்கு வெரல் மடங்கும்னு நம்பி வாராக.”

பாண்டிச்செல்வி தன் வலது கையைப் பார்த்தாள். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண்மணி தினமும் சொன்ன ஒரே வார்த்தை அவளுக்கு நினைவிருந்தது. விட்டுட்டா அப்படியே இறுகிப்போகும், அப்புறம் யார் வந்தாலும் திருப்ப முடியாது.

எழுந்து அரிசி டிரம்மைத் திறந்தாள். தோள்வரை கையை விட்டுத் துழாவி ஒரு ரப்பர் பந்தை எடுத்தாள். நீலச் சாயம் உரிந்து, அவள் விரல் பதிந்த இடமெல்லாம் பள்ளம் விழுந்த பந்து. தூக்கிப் போடு என்று புருஷன் சொல்லியும் அவளால் தூக்கிப் போட முடியாத பந்து. பிறகு பீரோவிலிருந்து கண்ணாடி உடைந்த பழைய போனை எடுத்தாள். மகள் புதுப் போன் வாங்கியதும் ஒதுக்கி வைத்தது. இரண்டையும் பையில் போட்டுக்கொண்டாள்.

“எங்கக்கா கெளம்புறீக?”

“காளவாசலுக்கு. உபவாசம் முடிஞ்சிருச்சுன்னு சொல்லப் போறேன்.”

•

கூட்டம் சாயங்காலம். இடம் காளவாசலில் ஒரு கல்யாண மண்டபம். முந்தின நாள் கல்யாணத்தின் பூ அலங்காரத்தைப் பிரிக்க நேரமில்லாமல் அப்படியே விட்டிருந்தார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்த சிவப்புச் சோபாவில் இன்றைக்கு அப்போஸ்தலர் டாக்டர் பீமாராவ் உட்காரப்போகிறார். எதற்கு டாக்டர் என்று கேட்கிறவர்களுக்கு விசுவாசம் போதாது. சபையில் வல்லமை உண்மையாகவே இறங்குகிறதா என்று அவர் கண்ணால் பார்ப்பார். பார்த்தபின் ஜெயபாண்டியைத் ‘தென்மண்டல எழுப்புதல் தூதர்’ என்று அறிவிப்பார். அதற்குத்தான் இவ்வளவு புகையும்.

தமிழ்வாணி மண்டபத்தின் பின்பக்கம் மிக்சர் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். பி.காம். முடித்தவள். மூன்று வருடமாகச் சபையின் சவுண்டு அவள் பொறுப்பு. அம்மா வருவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சுருங்கியது.

“என் ஜெபத்தை நீதான் போடுறியா?”

“ஆமாம்மா. நீ சரின்னு சொன்னதா அப்பா சொன்னாரு.”

“எங்கிட்ட யாரும் கேக்கல.”

தமிழ்வாணி ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள். “அப்பா வெட்டிக் குடுத்ததைத்தான் போடுறேன். மூனாவது விசில்ல கட் பண்ணணும்பாரு. அதுக்கு மேல ஒன்னுமில்ல, அம்மா அடுப்பை அணைக்கப் போயிட்டான்னாரு.”

“போனவ திரும்பி வந்தேன்ல” என்றாள் பாண்டிச்செல்வி. பழைய போனை மேசைமேல் வைத்தாள். “இதுல முழுசா இருக்கும். கேட்டுப் பாரு. இன்னிக்கு இதைப் போடு, வெட்டாம.”

“நீ மேடையில ஏறிச் சொல்லிரலாம்லம்மா?”

“என் கையில மைக்கு வந்தா ரெண்டாவது வார்த்தையில உங்கப்பா புடுங்கிருவாரு. இதைப் புடுங்கணும்னா அவரு மண்டபத்தோட இந்தக் கோடி வரைக்கும் ஓடி வரணும்.”

•

மணமகள் அறையில் ஜெயபாண்டி கண்ணாடி முன்னால் நின்றிருந்தார். முகத்தில் பவுடர், கையில் ஒரு துண்டுச் சீட்டு. இன்று மாலை ஆவியானவர் திடீரென்று தம்மை ஏவிச் சொல்லவைக்கப்போகும் வார்த்தைகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

கண்ணாடியில் மனைவியைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்தது சந்தோஷம்தான். அவருக்கு எதுவும் உறைப்பதில்லை.

“வந்துட்டியா செல்வி. எனக்குத் தெரியும், கர்த்தர் ஒன்னக் கொண்டுவருவாருன்னு. அப்போஸ்தலர் முன்னாடி ஒரே ஒரு தடவை சாட்சி சொல்லிரு. டேப்பே வேணாம்.”

“நேரம் வரட்டும்னீக. வந்துருச்சா?”

அவர் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். “இப்பப் போயி அதை ஏன் கெளப்புற? கை நல்லாச்சா இல்லையா? கொணமாக்குனது கர்த்தர்தான? ஆஸ்பத்திரி வழியா வந்தா என்ன, எங் கை வழியா வந்தா என்ன?”

“எல்லாம் ஒன்னுதான்னா, ஆஸ்பத்திரின்னே சொல்லியிருக்கலாமே.”

“பலவீனமான ஆத்துமாக்களை நெனைச்சுப் பாரு. எம்புட்டுப் பேரு விசுவாசம் ஒடையும்?”

பலவீனமான ஆத்துமாக்கள் என்று அவர் சொல்லும்போதெல்லாம் அந்தச் சிவப்புச் சோபாவை நினைத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாக இருக்கும்.

“பவதாரிணிக்குப் பயிற்சியை நிப்பாட்டச் சொன்னீகளா?”

“முழு விசுவாசம் வேணும்னேன்.”

“அது கை இறுகிப்போயிரும். ஒங்களுக்குத் தெரியும். எட்டு மாசம் என்னைய சைக்கிள்ல வச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது நீங்கதான.”

ஒரு காலத்தில் அதைச் செய்த மனிதர்தான். அந்த மனிதரைத்தான் அவள் கட்டிக்கொண்டாள், அந்த மனிதரைத்தான் இந்த அறை முழுக்கத் தேடினாள். கோட்டுக்குள் அவர் இல்லை.

ஜெயபாண்டி கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

“இங்க பாரு. அதை வெளிய சொன்னேன்னு வையி, பொய்க்காரின்னு ஒன்னத்தான் சொல்லுவாக. வாயத் தொறந்து சாட்சி சொன்னது நீ. கையத் தூக்குனது நீ. எனக்கு எதுவும் தெரியாது, என்னையும் ஏமாத்திட்டான்னு நான் சொல்லிருவேன். பெறகு ஒன்ன எவ மதிப்பா?”

பாண்டிச்செல்விக்கு அழுகை வரவில்லை. இத்தனை வருடம் இந்த ஆளுக்குத் துணி துவைத்துப் போட்டோமே என்றுதான் தோன்றியது.

“சொல்லிக்கோங்க” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

•

மண்டபம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் ராமக்காள், பக்கத்தில் பவதாரிணி. வாசலில் இருந்த செருப்புக் குவியலைப் பார்த்து ராமக்காளும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருந்தாள். கோயிலுக்குப் போகும்போது கட்டுகிற சேலை, தலை நிறையப் பூ. தம்பி மனைவியைப் பார்த்ததும் கையை நீட்டி அழைத்தாள்.

“செல்வி, இங்கிட்டு வா. ஒன் சாமி எனக்குத் தெரியாது. ஆனா ஒன் கையைத் தெரியும்ல. அது தொங்கிக் கெடந்ததையும் பாத்தேன், இப்ப மாவு பெசையிறதையும் பாக்குறேன். அந்த நம்பிக்கைலதான் வந்தேன்.”

பவதாரிணி நர்சிங் படிக்கிற பெண். அத்தையின் முகத்தை மட்டும் ஒரு மாதிரி பார்த்தாள், கேட்கக் கூச்சப்பட்டவள்போல. விரல்கள் மடியில் விறைத்துக் கிடந்தன. பாண்டிச்செல்வி அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தாள். ஏற்கெனவே இறுகத் தொடங்கியிருந்தது.

“இங்கனயே இரு மதினி” என்று மட்டும் சொல்லி, சுவரோரம் போய் நின்றாள்.

பாட்டு முடிந்தது. அப்போஸ்தலர் பீமாராவ் சோபாவிலிருந்து எழுந்து, இந்த இடத்தில் தம் உள்ளங்கால் சூடாகிறது என்று அறிவித்தார். அவர் நின்ற இடத்துக்கு நேராக ஃபோகஸ் லைட் இருந்தது. பிறகு விளக்குகள் அணைந்தன, புகை வந்தது, கீபோர்டு மெல்ல இழுத்தது. பாண்டிச்செல்வியின் குரல் மண்டபம் முழுக்க எழுந்தது.

“அப்பா பிதாவே, இந்தச் சந்துல இருக்குற சனங்களை நெனைச்சருளும்...”

இருட்டில் தன் குரலையே கேட்டுக்கொண்டு நின்ற அவளுக்குக் கூசியது. யாருக்கும் கேட்கக் கூடாதென்று பேசிய குரல் அது.

முதல் விசில். நூற்றுக்கணக்கான கைகள் உயர்ந்தன. இரண்டாவது விசில். அழுகை பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு வந்தது. ராமக்காள் மகளின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தாள். ஜெயபாண்டி மைக்கோடு மேடையிலிருந்து இறங்கி வந்து, பவதாரிணியின் நெற்றியில் கை வைத்தார். சுடலை ஓடிவந்து அவளுக்குப் பின்னால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான்.

மூன்றாவது விசில்.

ஜெயபாண்டி மிக்சர் மேசையில் இருந்த தன் மகள் பக்கம் திரும்பித் தலையசைத்தார், நிறுத்து என்று.

ஒலிப்பதிவு நிற்கவில்லை. விசில் அடங்கியது. காலடிச் சத்தம் கேட்டது. அடுப்புத் திருகு டக்கென்று திரும்பியது. குக்கர் புஸ்ஸென்று மூச்சு விட்டது. ஒரு பாத்திரம் உருண்டது. எக்காளம் ஊதியவர்கள் பருப்புச் சட்டியை நகர்த்துவது மண்டபம் முழுக்கக் கேட்டது. யாரோ ஒரு அம்மாள், “அட, குக்கரு” என்று சாதாரணமாகச் சொன்னாள்.

பிறகு அந்தக் குரல், எந்த நீட்டலும் இல்லாமல்.

“ஆண்டவரே, நான் பொய் சொல்லியிருக்கேன். எங் கை அந்த ஞாயித்துக்கெழமை எந்திரிக்கல. அதுக்கு முந்தியே எந்திரிச்சிருச்சு. ஆஸ்பத்திரியில பந்தைக் குடுத்து அமுக்கு அமுக்குன்னாக. வலியோட அமுக்கினேன். அழுதுக்கிட்டே அமுக்கினேன். நீரு அந்தப் பந்துலதான் இருந்தீரு, நான்தான் ஒம்ம மறைச்சிட்டேன். அந்தப் பந்து அரிசி டிரம்முக்குள்ள கெடக்கு. என்னால இதைச் சொமக்க முடியல...”

“கட் பண்ணு” என்றார் ஜெயபாண்டி. கையில் மைக் இருந்ததால் அதுவும் எல்லோருக்கும் கேட்டது. ஒருவர் எழுந்து போய் விளக்கைப் போட்டார். புகை மட்டும் என்ன நடக்கிறதென்று தெரியாமல் வந்துகொண்டிருந்தது.

ஒருவரும் விழவில்லை. சுடலை நீட்டிய கைகளை மெல்ல மடக்கிக்கொண்டான்.

பாண்டிச்செல்வி சுவரோரத்திலிருந்து நடந்து வந்தாள். எத்தனை கண்கள் தன்மேல் இருந்தன என்று அவளுக்குத் தெரியும், எப்படிப் பார்த்தன என்றும் தெரியும். பையிலிருந்து பந்தை எடுத்து பவதாரிணியின் கைக்குள் வைத்து, விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மூடினாள்.

“அமுக்கு. வலிக்கும், அமுக்கு. திங்கக்கெழமை ஆஸ்பத்திரிக்கு நான் கூட வாரேன்.”

பவதாரிணி அமுக்கினாள். உடனே எதுவும் நடக்கவில்லை. வலியில் கண்ணீர் மட்டும் வந்தது.

ராமக்காள் எழுந்தாள். தம்பி மனைவியைப் பார்த்தாள். அவள் பார்வையில் கோபம் இருந்தது, அது பாண்டிச்செல்விக்கு நியாயமாகத்தான் பட்டது. பிறகு ராமக்காள் மேடைப் பக்கம் பின்வாங்கிக்கொண்டிருந்த தம்பியிடம் திரும்பினாள்.

“ஏண்டா. இது ஒனக்குத் தெரியுமா?”

மண்டபம் காத்திருந்தது. அப்போஸ்தலர் பீமாராவ் சோபாவின் நுனிக்கு வந்திருந்தார். ஜெயபாண்டி மனைவியைப் பார்த்தார். ஒரே ஒரு நொடி அந்தச் சைக்கிள்காரர் எட்டிப் பார்த்தாரோ என்று பாண்டிச்செல்விக்குத் தோன்றியது. தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், இந்தக் கூட்டத்தையெல்லாம் விட்டுவிட்டு அவரோடு வீட்டுக்குப் போய்விட அவள் அப்போதும் தயாராக இருந்தாள்.

அவர் மைக்கை வாயருகில் கொண்டுபோனார். கண்ணில் நீரை வரவழைத்தார்.

“கர்த்தர் அறிய எனக்குத் தெரியாதுக்கா. கட்டின புருஷனையும் ஏமாத்திட்டா.”

அந்த ஒலிப்பதிவை ஜெயபாண்டி மூன்றாவது விசிலுக்குப் பிறகு கொஞ்சம்தான் கேட்டிருந்தார். பயந்துபோய் அந்த இடத்தில் வெட்டி, மகளின் புதுப் போனுக்கு மாறியிருந்த நகலை அழித்தும்விட்டார், பீரோவில் கிடந்த பழைய போன் அவர் நினைவுக்கு வரவில்லை. மீதியை அவர் கேட்கவே இல்லை. மனைவி பேசுவதை முழுசாகக் கேட்கும் வழக்கம் அவருக்கு எப்போதும் இருந்ததில்லை. மத்தியானம் தமிழ்வாணி பழைய போனில் அதை முழுசாகக் கேட்டு, நீட்டிய விசில்களுக்குப் பின்னால் அப்படியே ஒட்டியிருந்தாள். அவள் அதை நிறுத்தவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்து வைத்திருந்தாள். இப்போது விரலால் மேலே தள்ளினாள்.

அரிசி டிரம்மின் மூடி திறக்கும் சத்தம். பெண்கள் விசும்பும் சத்தம். கதவு கிரீச்சிடும் சத்தம். பிறகு, எல்லோருக்கும் ஞாயிறுதோறும் பழகிய குரல்.

“சோறு ஆச்சா? என்ன எல்லாரும் அழுவுறீக? ஏ, இது அந்தப் பந்துல்ல. அன்னிக்கே தூக்கிப் போடுன்னு சொன்னேன்ல செல்வி. உள்ள வையி, யாராச்சும் பாத்துரப் போறாக.”

தமிழ்வாணி அதற்குப் பிறகுதான் நிறுத்தினாள்.

ஜெயபாண்டி “அல்லேலூயா” என்றார். பழக்கத்தில் வந்துவிட்டது. ஆமென் என்று யாரும் சொல்லவில்லை. சோபா காலியாக இருந்தது, பக்கத்துக் கதவு ஆடிக்கொண்டிருந்தது. மேடையில் அவர் மட்டும் நின்றார், முந்தின நாள் பூக்களுக்கு நடுவில்.

ராமக்காள் மகளின் கையிலிருந்த பந்தைப் பார்த்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். மேடையின் முதல் படியில் கால் வைத்தாள். செருப்பு வாசலில் கிடந்தது. அது ஒன்றுதான் அன்றைக்கு ஜெயபாண்டிக்குக் கிடைத்த கிருபை.